விழா வேறு, கூட்டம் வேறு: வங்கியாளர் கூட்டத்தில் நமக்கும் ஒரு நாற்காலி



இந்த மாதப் பாடத்தை ஒரு கணக்கோடு தொடங்குவோம். போன ஒரு வருஷத்தில் உங்கள் குழுவிலிருந்து எத்தனை அரசு நிகழ்ச்சிகளுக்குப் போனீர்கள்? கடன் வழங்கும் விழா, மகளிர் தின விழா, கண்காட்சி, விழிப்புணர்வு முகாம், பயிற்சி, மாவட்ட மாநாடு என்று விரல் விட்டு எண்ணுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் சில குழுக்களுக்கு பத்து, பன்னிரண்டு நாள்கூட வரும். பத்து நாள் என்றால் பத்து நாள் கூலி. அதோடு வீட்டு வேலை, மாட்டு வேலை, பிள்ளைகள் படிப்பு.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தப் பத்து நாளில், நம் குழுவைப் பற்றி ஒரு முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் நாம் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம்?

இந்தக் கேள்வியை நாங்கள் போகும் ஊர்களில் எல்லாம் கேட்டு வருகிறோம். பெரும்பாலும் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு யாராவது ஒரு அக்கா, "முடிவெல்லாம் ஆபீஸ்லயே எடுத்துடுவாங்க, நாம கைதட்டத்தான் போறோம்" என்பார். எல்லோரும் சிரிப்போம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. முடிவு எடுக்கிற கூட்டம் ஒன்று நம் வட்டாரத்திலேயே நடக்கிறது. அதில் நமக்கும் இடம் உண்டு என்று ரிசர்வ் வங்கியே எழுதியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

நாலு வகை நிகழ்ச்சிகள்

அரசுத் துறைகள் நடத்துகிற நிகழ்ச்சிகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பந்தல், பேனர், மைக், நாற்காலி. ஆனால் நமக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் நாலு வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, விழா. இங்கே காசோலை, சான்றிதழ், விருது தருவார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு கடன் என்பது விழாவுக்கு முன்பே வங்கியில் முடிவாகிவிட்டது. விழாவில் அதை அறிவிக்கிறார்கள். நம்மைப் பார்த்து நாலு பெண்கள் தைரியம் அடைவார்கள். அது நல்லதுதான். ஆனால் நின்றுபோன கடன் விழாவில் கிளம்பாது.

இரண்டு, கண்காட்சியும் சந்தையும். மத்திய ஊரக வளர்ச்சித் துறை 1999 முதல் நடத்தி வரும் சரஸ் கண்காட்சியை நீங்கள் அறிவீர்கள். இங்கே பலன் விற்பனை. மூன்று நாள் விற்ற பணத்தைவிட, மறுபடி ஆர்டர் தரக்கூடிய ஒரு கடைக்காரரின் போன் நம்பர் பெரிய லாபம்.

மூன்று, பயிற்சி, கருத்தரங்கு, மாநாடு. இங்கே பலன் தகவல். எழுதி வந்தால் மிஞ்சும். எழுதாவிட்டால் பஸ்ஸிலேயே மறந்துபோகும்.

நாலு, ஆய்வுக் கூட்டம். பந்தல் கிடையாது, மாலை கிடையாது. யூனியன் ஆபீஸ் மாடியில் ஒரு நீள மேசை, ஒரு கட்டுக் காகிதம். எந்தக் கிளை எத்தனை குழுவுக்குக் கடன் கொடுத்தது, எத்தனை மனு நிலுவையில் இருக்கிறது, ஏன் நிலுவை என்று கேட்கிற இடம் இதுதான். இங்கே சொன்னது குறிப்பில் ஏறும். அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கிராம சபையை நாங்கள் இந்த நாலிலும் சேர்க்கவில்லை. காரணம், அங்கே நாம் யாரும் அழைத்துப் போகிற விருந்தாளி இல்லை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர்.

முதல் மூன்று வகைக்கும் நமக்கு அழைப்பு தானாக வரும், வண்டியும் வரும். நாலாவது வகைக்குத்தான் நாம் கேட்டுப் போக வேண்டியிருக்கிறது.

காலம் எப்படி மாறியது?

ஒரு காலத்தில் நம்மைப் பற்றிய எல்லாப் பேச்சும் நாம் இல்லாமலேயே நடந்தது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. 2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. குழுக்கள் பெருகப் பெருக, அரசு நிகழ்ச்சிகளில் நமக்கும் இடம் வந்தது.

இன்று நாம் இல்லாமல் ஒரு பெரிய நிகழ்ச்சி நடப்பதில்லை. 2024 ஆகஸ்ட் 25-ல் மகாராஷ்டிர மாநிலம் ஜல்கானில் நடந்த மாநாட்டில், ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம் ஈட்டும் குழுப் பெண்களுக்குப் பிரதமர் சான்றிதழ் வழங்கினார். முன்பு அதிகாரிகளுக்கு மட்டும் என்றிருந்த மேடைகளில் இப்போது குழுத் தலைவிகள் பேசுகிறார்கள். இது பெரிய மாற்றம். குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. முன்பெல்லாம் அதிகாரிகள் கூட்டத்தில் பேச்சு அதிகம், கணக்கு குறைவு. இப்போது கூட்டத்துக்கு முன்பே கணக்கு கணினியில் ஏறிவிடுகிறது. குழுக்களின் விவரம் லோக் ஓஎஸ் செயலியில் பதிவாகிறது. குழுக்கடன் விவரங்கள் வங்கிகளின் கணினியிலிருந்து தேசிய இயக்கத்தின் இணையதளத்துக்குப் போகின்றன. 2020-ல் கொரோனா வந்த பிறகு காணொலிக் கூட்டங்களும் சகஜமாகிவிட்டன. சென்னையில் இருக்கும் அதிகாரி நம் மாவட்டக் கணக்கைத் திரையில் பார்த்தே கேள்வி கேட்கிறார்.

இதில் நமக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. நன்மை, எந்தக் கிளை கடன் தரவில்லை என்பதை மறைக்க முடியாது. ஆபத்து, கணினியில் இல்லாத குழு கூட்டத்திலும் இல்லை. நம் கணக்கு "சுய உதவிக் குழு" என்ற குறியீட்டில் ஏறாமல் வேறு வகையில் ஏறியிருந்தால், நாம் பத்து வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் திரையில் வரமாட்டோம். திரையில் வராத குழுவுக்காகப் பேச நேரில் ஒரு ஆள் வேண்டும்.

வங்கியாளர் கூட்டம்: நாலு படி

1969 ஜூலை 19-ல் 14 பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ரிசர்வ் வங்கி 'முன்னோடி வங்கித் திட்டத்தை'த் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வங்கி முன்னோடி வங்கி. அந்த மாவட்டத்தில் உள்ள எல்லா வங்கிகளையும் அரசுத் துறைகளையும் ஒருங்கிணைப்பது அதன் வேலை. அந்தப் பொறுப்பில் இருப்பவரைத்தான் 'முன்னோடி வங்கி மேலாளர்' என்கிறோம். ஊரில் "லீட் பேங்க் மேனேஜர்" என்பார்கள்.

இந்தத் திட்டத்தின் கீழ் கூட்டங்கள் படிப்படியாக நடக்கின்றன.

1. வட்டார அளவில்: வட்டார வங்கியாளர் குழு. தலைவர், முன்னோடி வங்கி மேலாளர். வட்டாரத்தில் உள்ள எல்லா வங்கிகளும், கூட்டுறவு வங்கியும், வட்டார வளர்ச்சி அலுவலரும், வேளாண்மை போன்ற துறை அலுவலர்களும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும்.

2. மாவட்ட அளவில்: மாவட்ட ஆலோசனைக் குழு. தலைவர், மாவட்ட ஆட்சியர். ரிசர்வ் வங்கி, நபார்டு அலுவலர்களும் வருவார்கள். இதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

3. அதே மாவட்ட அளவில் இன்னொன்று: மாவட்ட ஆய்வுக் குழு. இதற்கு நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் போன்ற மக்கள் பிரதிநிதிகளும் அழைக்கப்படுவார்கள்.

4. மாநில அளவில்: மாநில அளவிலான வங்கியாளர் குழு. தமிழ்நாட்டில் இதைக் கூட்டும் பொறுப்பு இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு. கூட்டப் பொருளும் நடவடிக்கைக் குறிப்பும் இக்குழுவின் இணையதளத்தில் போடப்படுகின்றன. கல்லூரி போகும் பிள்ளைகளைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

நமக்கு மிக அருகில் இருப்பது முதல் படி. நாம் கணக்கு வைத்திருக்கும் கிளையின் மேலாளர் உட்காரும் கூட்டம் அதுதான். பஸ் செலவும் குறைவு. சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம்.

நமக்கு இடம் உண்டா?

உண்டு. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடர்பாக ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதில் வட்டார வங்கியாளர் குழுவைப் பற்றிச் சொல்லும்போது, குழுக்களும் குழுக்களின் கூட்டமைப்புகளும் தங்கள் குரலை எழுப்ப அந்தக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கப்படலாம் என்று கூறப்பட்டுள்ளது. குழுக்கடன் நிலையைக் கிளை வாரியாக அங்கே ஆய்வு செய்ய வேண்டும் என்றும் உள்ளது.

"சேர்க்கப்படலாம்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். "சேர்த்தே ஆக வேண்டும்" என்று இல்லை. அதனால் யாரும் கேட்காவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கேட்டால், முடியாது என்று சொல்வதற்கும் அவர்களிடம் காரணம் இல்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எப்படிக் கேட்பது? கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பெறுநர், முன்னோடி வங்கி மேலாளர். நகல், வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டார இயக்க மேலாளருக்கும். கடிதம் இவ்வளவு போதும்:

"ஐயா/அம்மா, வணக்கம். எங்கள் கூட்டமைப்பில் ___ குழுக்கள் உள்ளன. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடர்பான ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையில், வட்டார வங்கியாளர் குழுவில் மகளிர் கூட்டமைப்பைச் சேர்க்கலாம் எனக் கூறப்பட்டுள்ளது. அதன்படி எங்கள் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேரை அடுத்த கூட்டத்துக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கூட்ட நாளையும் கூட்டப் பொருளையும் முன்கூட்டியே தெரிவிக்கவும். எங்கள் தீர்மான நகல் இணைத்துள்ளோம்."

நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அங்கே போய் எதைக் கேட்பது?

"கடன் தர மாட்டேங்கிறாங்க" என்று பொதுவாகச் சொன்னால் "பார்க்கிறோம்" என்று பொதுவாகப் பதில் வரும். விதியைச் சொல்லி, குழுவின் பெயரைச் சொல்லி, தேதியைச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே சுற்றறிக்கையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

* 10 லட்ச ரூபாய் வரை குழுக்கடனுக்குப் பிணையோ அடமானமோ கேட்கக் கூடாது. குழுவின் பங்குத் தொகை என்று எதையும் கட்டச் சொல்லக் கூடாது.

* குழுவின் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைக் கடனுக்காக முடக்கி வைக்கக் கூடாது. கடன் வேண்டுமானால் டெபாசிட் போடு என்று வற்புறுத்தக் கூடாது.

* 2021-ல் வந்த திருத்தப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையும் பிணை கேட்கக் கூடாது. சேமிப்புக் கணக்கை முடக்கக் கூடாது. அந்தக் கடன் அரசின் கடன் உத்தரவாத நிதியில் சேரத் தகுதி உடையது.

* குழு தகுதி பெறக் குறைந்தது ஆறு மாதம் நடப்பில் இருக்க வேண்டும். இதைக் கணக்குப் புத்தகத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பஞ்ச சூத்திரம், அதாவது முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்தல், முறையான கணக்குப் பதிவேடு, இவை ஐந்தும் இருக்க வேண்டும்.

* முதல் தவணைக் கடன், குழுவின் தொகுப்பு நிதியில் 6 மடங்கு அல்லது குறைந்தது 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது என்று வழிகாட்டப்பட்டுள்ளது.

கடைசி விதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழுவின் தொகுப்பு நிதி 40,000 ரூபாய். 6 மடங்கு என்றால் 2,40,000. இது 1.5 லட்சத்தைவிட அதிகம். எனவே 2,40,000. இன்னொரு குழுவின் தொகுப்பு நிதி 20,000. 6 மடங்கு 1,20,000 மட்டுமே. எனவே 1.5 லட்சம். உங்கள் குழுவுக்கு எவ்வளவு வரும்? இப்போதே நோட்டில் போட்டுப் பாருங்கள்.

டெபாசிட் விஷயத்தையும் கணக்காகப் பார்ப்போம். 5 லட்சம் கடன் கேட்ட குழுவை "ஒரு லட்சம் டெபாசிட் போடுங்க" என்று சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் வட்டி நூற்றுக்கு 12, டெபாசிட் வட்டி நூற்றுக்கு 6 என்றால் என்ன ஆகும்? அந்த ஒரு லட்சத்துக்கு வருஷம் 12,000 வட்டி கட்டுகிறோம், 6,000 வட்டி வாங்குகிறோம். 6,000 ரூபாய் நம் கையை விட்டுப் போகிறது. கைக்கு வந்ததோ 4 லட்சம்தான். பன்னிரண்டு பேர் குழுவில் ஆளுக்கு 500 ரூபாய் நஷ்டம். நாம் ஏதோ உதவி கிடைத்தது என்று நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்!

சுற்றறிக்கையை ரிசர்வ் வங்கி அவ்வப்போது புதுப்பிக்கும். கூட்டத்துக்குப் போகும் முன் வட்டார இயக்க மேலாளரிடம் இப்போது நடப்பில் உள்ள நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தாள் போதும்

கூட்டத்துக்குப் பெரிய மனுக்கட்டு வேண்டாம். ஒரு தாள் தயார் செய்வோம். எந்தக் கிளை என்று மேலே எழுதி, கீழே இந்த ஆறு விவரம்:

1. இந்தக் கிளையில் நம் குழுக்களின் கணக்கு எத்தனை
2. இதுவரை கடன் பெற்றவை எத்தனை
3. மனு கொடுத்துக் காத்திருப்பவை எத்தனை
4. ஒவ்வொரு மனுவும் கொடுத்த தேதி
5. வங்கி வாய்மொழியாகச் சொன்ன காரணம்
6. நம் குழுக்களில் தவணை தவறியவை எத்தனை

ஆறாவதை ஏன் சேர்த்தோம் என்று கேட்கலாம். மேலாளர் முதலில் அதைத்தான் எடுப்பார். "உங்க கூட்டமைப்புல ரெண்டு குழு ஒரு வருஷமா கட்டலையே மேடம்?" என்று கேட்டால் நாம் முழிக்கக் கூடாது. "ஆமாம் சார், ரெண்டு குழு. ஒண்ணுல மூணு பேர் வேலைக்காக வெளியூர் போயிட்டாங்க. மீதிப் பேர் வர்ற மாசத்துல இருந்து கட்டுறதா தீர்மானம் போட்டிருக்காங்க, இதோ நகல். ஆனா அந்த ரெண்டு குழுவுக்காக மத்த நாலு குழுவோட மனுவ நிறுத்தி வைக்கலாமா சார்?" என்று கேட்டால் அந்த அறையில் யாரும் நம்மை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் குறையை நாமே கணக்கோடு சொன்னால், அதை வைத்து நம்மை யாரும் மடக்க முடியாது.

பேசும்போது கவனிக்க வேண்டியவை

பேச நேரம் மூன்று நிமிஷம் கிடைத்தாலே அதிகம். வணக்கம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வருவோம்.

"வணக்கம் சார். இந்தக் கிளையில எங்க குழு 14. பத்துக் குழுவுக்குக் கடன் வந்திருக்கு, அதுக்கு நன்றி. நாலு குழு மனு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. தேதி இந்தத் தாள்ல இருக்கு. இந்த நாலுக்கும் என்ன காரணம், எந்தத் தேதிக்குள்ள முடிவு சொல்லுவீங்கன்னு தெரிஞ்சா போதும்."

இதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கேட்டது இரண்டே இரண்டு: காரணம், தேதி. கடன் வழங்கும் அதிகாரம் வங்கிக்குத்தான். கூட்டம் அதை வாங்கித் தந்துவிடாது. ஆனால் காரணம் சொல்லாமல், தேதி சொல்லாமல் இழுத்தடிப்பது மற்ற வங்கிக்காரர்கள் முன்னால், பிடிஓ முன்னால் கஷ்டம்.

மேலாளரைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்ல வேண்டாம். பல கிளைகளில் ஆள் பற்றாக்குறை. ஒரே மேலாளர் நகைக்கடனும் பார்ப்பார், பயிர்க்கடனும் பார்ப்பார், குழுக்கடனும் பார்ப்பார். நாளை மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். தாளில் உள்ளது பேசட்டும்.

இங்கிலீஷில் பேசினால் பயப்பட வேண்டாம். "சார், தமிழ்ல சொல்லுங்க, குழுவுல போய்ச் சொல்லணும்" என்று கேட்பது தவறே இல்லை. நம் வேலையே குழுவில் போய்ச் சொல்வதுதான்.

மேலாளர் மாறுவார், மினிட்ஸ் மாறாது

கூட்டத்தைவிடக் கூட்டத்துக்குப் பிறகு வருவதுதான் முக்கியம். வங்கி மேலாளருக்கு சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றல் வரும். பிடிஓ மாறுவார். ஏன், நம் களப்பணியாளர்களும் மாறுவோம். வாய்மொழி வாக்குறுதி அவரவரோடு போய்விடும். நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது அங்கேயே இருக்கும். அடுத்த கூட்டத்தில் "போன கூட்ட முடிவின் மீது எடுத்த நடவடிக்கை" என்று முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

அதனால் பேசி முடித்தவுடன் ஒரு வரி சொல்லுங்கள்: "இதை மினிட்ஸ்ல ஏத்திக்கச் சொல்லுங்க சார்." நம் தாளின் ஒரு நகலைத் தலைவரிடம் கொடுங்கள். இன்னொன்றில் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. முன்னோடி வங்கி பொதுத்துறை வங்கி என்றால், அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சான்று காட்டினால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். முதலிலேயே இதை எடுக்க வேண்டாம். இரண்டு முறை அன்பாகக் கேட்ட பிறகு பார்க்கலாம்.

யாரை அனுப்புவது?

எப்போதும் அதே இரண்டு பேர் போனால் அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. போகிறவருக்கும் "இவ எப்பப் பாரு ஆபீஸ் ஆபீஸ்னு சுத்துறா" என்ற பேச்சு வரும். அதனால் அனுபவம் உள்ள ஒருவரும் புதியவர் ஒருவருமாகச் சேர்த்து அனுப்புங்கள். புதியவர் முதல் கூட்டத்தில் பேச வேண்டாம், எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் பேசட்டும்.

போகிறவருக்கு பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் கூட்டமைப்பு நிதியிலிருந்து கொடுங்கள். தீர்மானம் போட்டு, வவுச்சர் எழுதிக் கொடுங்கள். கூலியை விட்டுவிட்டுப் போகிற ஏழைப் பெண் கைக்காசும் போட வேண்டும் என்றால், வசதி உள்ளவர் மட்டுமே தலைவியாக முடியும்.

திரும்பி வந்தவர் அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, எந்தத் தேதிக்குள். இதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

காணொலிக் கூட்டம் என்றால்?

சில சமயம் கூட்டம் காணொலியில் நடக்கும். அப்போதும் யூனியன் ஆபீஸுக்குப் போய் அதிகாரிகளோடு உட்கார்ந்து கலந்துகொள்வது நல்லது. வீட்டில் போனில் பார்த்தால் சிக்னல் போகும், பேச வாய்ப்பு வராது. வந்தாலும் "மியூட்"டில் இருப்போம். நம் ஒரு தாளை முதல் நாளே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். வருகைப் பதிவில் கூட்டமைப்பின் பெயர் ஏறியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் விழாவுக்குப் போக வேண்டாமா?

போகலாம். நாம் சொல்வது அதுவல்ல. விழாவில் நம் உழைப்புக்கு மரியாதை கிடைக்கிறது. பக்கத்து வட்டாரத்துச் சகோதரிகளைப் பார்க்கிறோம். ஆனால் அழைப்பு வந்தால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். இது நாலில் எந்த வகை? இதில் நம் வேலை என்ன? எத்தனை பேர் போனால் போதும்? ஐம்பது பேர் போக வேண்டிய இடத்துக்கு ஐம்பது பேர் போகலாம். ஐந்து பேர் போதும் என்றால் மீதி நாற்பத்தைந்து பேரின் ஒரு நாள் கூலி மிச்சம்.

விழாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யத் தெரிந்த கூட்டமைப்புக்கு, ஆய்வுக் கூட்டத்துக்கு இரண்டு பேரை அனுப்பத் தெரியாதா? நிச்சயம் தெரியும். விழாவில் நம்மை எண்ணிக்கைக்காகத் தேடுகிறார்கள். ஆய்வுக் கூட்டத்தில் எண்ணிக்கையை நாம் கொண்டுபோய் வைப்போம்.

குழுவில் பேசிப் பாருங்கள்

1. போன வருஷம் நம் குழுவினர் போன நிகழ்ச்சிகளை நாலு வகையாகப் பிரித்து எழுதுங்கள். எந்த வகை அதிகம்? எது ஒன்றுகூட இல்லை?

2. நம் தொகுப்பு நிதி இன்று எவ்வளவு? அதில் 6 மடங்கு எவ்வளவு? நமக்கு முதலில் கிடைத்த கடன் எவ்வளவு?

3. கடனுக்காக டெபாசிட் போடச் சொன்னார்களா? போட்டிருந்தால் எவ்வளவு, எந்தத் தேதியில்?

4. நம் வங்கிக் கணக்கு சுய உதவிக் குழு என்ற வகையில் பதிவாகியுள்ளதா? அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது கேட்டு வருபவர் யார்?

இந்த மாத வேலை

ஒவ்வொரு குழுவும் மேலே உள்ள ஆறு விவரங்களை எழுதி, மாதக் கூட்டத்துக்கு முன் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். கூட்டமைப்பு அவற்றைக் கிளை வாரியாகத் தொகுத்து, அழைப்புக் கேட்டு முன்னோடி வங்கி மேலாளருக்குக் கடிதம் அனுப்பும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களோடு காலாண்டு முடியும். அதற்கு அடுத்த வாரங்களில் வங்கியாளர் கூட்டம் வரும். நம் தாள் அதற்கு முன் தயாராக இருக்க வேண்டும்.

எழுதத் தெரியாத சகோதரிகள் வாயால் சொல்லுங்கள், ஊக்குநர் எழுதிக்கொள்வார். சந்தேகம் இருந்தால் அடுத்த குழுக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது கேளுங்கள். கணக்கை நோட்டோடு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே போடுவோம்.